ராக் இசையின் காலண்டரும் நம் மலையின் பாட்டும்



ராக் மியூசிக் என்றாலே நம் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். "அது என்னப்பா, ஒரே கத்தல்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ராக் என்றால் பாறை என்று எண்ணிக்கொண்டு, "கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குப் பாறைக்கா பஞ்சம்?" என்று கேலி பேசுவோரும் உண்டு. உண்மையில் இந்த ராக் பாறை அல்ல. ஆடு, அசை என்பதுதான் இங்கே அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் தொட்டிலை ஆட்டுவதற்கும் அதே சொல்தான். ஆடு, உருள் என்பதே ராக் அண்ட் ரோல்.

சரி, மலர்க்குழுவினர் கேட்ட கட்டுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பழைய மாணவர் சந்திப்பு என்பதே ஒரு நினைவு நாள்தானே! எந்த வருடம் சேர்ந்தோம், எந்த வருடம் முடித்தோம், யார் எந்த பேட்ச் என்று தேதி கணக்குப் போட்டுத்தான் இங்கே கூடுகிறோம். ராக் இசை ரசிகர்களும் அப்படித்தான். யார் எப்போது பிறந்தார், எந்த நாளில் எந்தப் பாட்டு பதிவானது, எந்த நாளில் எந்தக் கச்சேரி நடந்தது என்று வருடம் 365 நாளும் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலண்டரைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். புரட்டுகிறபோது நம் ஊரும் நம் மலையும் அதில் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்ப்போம்.

பிறந்த தேதி தெரியாத குழந்தை

முதல் வேடிக்கை என்னவென்றால், இத்தனை தேதி வைத்திருக்கிற ராக் இசைக்கே சரியான பிறந்தநாள் கிடையாது! 1951-ல் மெம்பிஸ் நகரத்தில் பதிவான ஒரு பாட்டுதான் முதல் ராக் பாட்டு என்று ஒரு சாரார் சொல்வார்கள். இல்லை, 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பில் ஹேலி பதிவு செய்த பாட்டுதான் உலகத்தையே ஆட்டியது என்பார்கள் வேறு சிலர். அதே 1954-ல் ஜூலை 5 அன்று, லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த 19 வயது எல்விஸ் பிரெஸ்லி மெம்பிஸில் பாடினாரே, அந்த நாள்தான் என்று அடித்துச் சொல்வோரும் உண்டு.

உண்மை இவற்றுக்கெல்லாம் முந்தியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய ப்ளூஸ் பாட்டிலிருந்தும், அவர்களுடைய மாதா கோயில் பாட்டிலிருந்தும் வளர்ந்ததுதான் இந்த இசை. முதலில் பாடியவர் யார், எந்த நாளில் பாடினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத்தக்கவர்களாக அவர்களை அந்தச் சமூகம் நினைக்கவில்லை என்பதுதான் காரணம்.

இதற்கு ஒரே ஒரு தேதியை உதாரணம் காட்டுகிறேன். ஆகஸ்ட் 16. எல்விஸ் பிரெஸ்லி மறைந்தது 1977 ஆகஸ்ட் 16. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தின இரவு மெம்பிஸில் அவர் வாழ்ந்த வீட்டின் முன்னால் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். சரியாக 39 வருடங்களுக்கு முன்னால், 1938-ல், அதே ஆகஸ்ட் 16 அன்று மிசிசிப்பி மாநிலத்து மண்ணில் இன்னொருவர் இறந்தார். அவர் பெயர் ராபர்ட் ஜான்சன். கறுப்பின கிட்டார் கலைஞர். எல்விஸ் பிறந்தது மிசிசிப்பி. ஜான்சன் பிறந்ததும் மிசிசிப்பிதான். இறக்கும்போது அவருக்கு 27 வயதுதான் என்கிறார்கள். பிறந்த வருடமே அவ்வளவு உறுதியில்லை. 1936, 1937 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அவர் பதிவு செய்தவை மொத்தம் 29 பாட்டுகள். பின்னால் வந்த பெரிய பெரிய கிட்டார்காரர்கள் எல்லாம் அவரைத்தான் குருவாகச் சொன்னார்கள். ஆனால் அவரைப் புதைத்த இடம் எது என்பதில் சண்டை. மூன்று இடங்களில் மூன்று கல் நட்டிருக்கிறார்கள்!

ஒரே தேதி, ஒரே மாநிலம், ஒரே கலை. ஒருவருக்கு மெழுகுவர்த்தி ஊர்வலம். இன்னொருவருக்குக் கல்லறைகூட நிச்சயமில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கொழும்பிலிருந்து வந்த பிறந்தநாள் வாழ்த்து

இந்தப் பாட்டெல்லாம் நம் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதைக் குறைத்துவிட்டார். உடனே நாடு முழுக்க ரேடியோ முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. இலங்கை வானொலி தமிழ்ப் பாட்டும் போட்டது, இந்திப் பாட்டும் போட்டது, ஆங்கிலப் பாப் பாட்டும் போட்டது. டில்லி நிலைமையைப் புரிந்துகொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல்தான்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. மூத்த பேட்ச்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். யார் வீட்டுக் குழந்தையோ, எந்த ஊரோ, பெயரையும் ஊரையும் வாசித்து ஒரு பாட்டும் போடுவார்கள். பிரபலங்களுக்கு மட்டும்தான் பிறந்தநாள் என்றிருந்ததை மாற்றிச் சாதாரண ஜனங்களுக்கும் கொண்டுவந்த நிகழ்ச்சி அது என்றால் மிகையாகாது.

தமிழ்ச் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் 1927 ஆகஸ்ட் 5 அன்று பிறந்த ஜே.பி. சந்திரபாபு மேல்நாட்டு யோடலிங்கை நம் காதுக்குப் பழக்கினார். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் 1964-ல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் ட்விஸ்ட் ஆட்டத்துக்கு மெட்டுப் போட்டார்கள். ட்ரம்ஸும் கிட்டாரும் தமிழ்ப் பாட்டில் உட்கார்ந்துகொண்டன. பிறகு நம் ஊர்க் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுக்கள் அதையே மேடையேற்றின. ராக் என்ற பெயர் தெரியாமலே நாம் ராக் கேட்டு வளர்ந்தோம்.

ஜூன் மாதம் – கல்லூரி திறக்கும் மாதம்

நமக்கெல்லாம் ஜூன் என்றால் கல்லூரி திறக்கும் மாதம். இசைக்கும் அது விசேஷமான மாதம். இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. அதே தேதியில் கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள் வருவதால், தம் பிறந்தநாளை ஜூன் 2-க்கு மாற்றிக் கொண்டாடுகிறார். 'இசைஞானி' என்று பட்டம் கொடுத்தவர் கலைஞர்தான். ஜூன் 4, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பிறந்த நாள் (1946). ஜூன் 18, பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி (1942). ஜூன் 24 இன்னும் அதிசயம்: கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24; மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. பிறந்தது 1928 ஜூன் 24. ஒருவர் எழுத, ஒருவர் இசையமைக்க, சரியாக ஒரு வருட இடைவெளியில் காலமே ஜோடி சேர்த்துவிட்டது!

பிறந்தநாள் விஷயத்தில் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் கதையும் உண்டு. 1943 பிப்ரவரி 25 என்றுதான் உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் அவரே, தாம் பிறந்தது 24-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு என்று சொன்னார். உலகப் புகழ் பெற்றவருக்கே இந்தக் கதி. நம் பள்ளிச் சான்றிதழில் ஹெட்மாஸ்டர் போட்ட தேதியைப் பற்றி ஏன் வருத்தப்பட வேண்டும்!

ஆகஸ்ட் 15

சுதந்திர தினத்துக்கும் இந்தக் காலண்டரில் இடம் உண்டு. ஹாரிசன் சிதார் கற்றுக்கொள்ள பண்டிட் ரவிசங்கரைத் தேடி வந்தார். 1968-ல் பீட்டில்ஸ் ரிஷிகேசத்துக்கே வந்து தங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1969 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவில் உட்ஸ்டாக் விழா தொடங்கியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேற்றில் உட்கார்ந்திருக்க, முதல் நாள் இரவு மழைத் தூறலில் சிதார் வாசித்தவர் ரவிசங்கர். 1971 ஆகஸ்ட் 1-ல் ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து, வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய கச்சேரிதான் பின்னால் வந்த பெரிய பெரிய நிதிக் கச்சேரிகளுக்கெல்லாம் முன்னோடி.

இதே ஆகஸ்ட் 15, 1992-ல் 'ரோஜா' வெளியானது. ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயரை அன்றுதான் ஊர் கேட்டது. அதற்கு முன் அவர் சென்னையில் சிவமணி, ஜான் ஆன்டனி முதலான நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்ற குழுவிலும், 'நெமெசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவிலும் கீபோர்டு வாசித்தவர். நம் ஹாஸ்டல் அறைகளில் கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு ராக் குழு இருந்தது!

நம் கடமும் ராக் உலகத்தோடு சேர்ந்திருக்கிறது. ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழுவில் வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் ஹுசேன். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. எல்விஸ் பாடிய அதே ஜூலை 5! கல்லூரி மேடையைக் குறைத்து எடைபோடாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1976: நம் மலையின் ஆண்டு

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1976 மே 14-ல் 'அன்னக்கிளி' வெளியானது. பண்ணைபுரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராய்ப் பாடி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, கிட்டார் வாசித்துப் பிழைத்த இளையராஜாவின் முதல் படம். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கிய அதே கை, வயல்காட்டுப் பாட்டை சினிமாவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் ஆர்.கே. சேகர் என்ற இசையமைப்பாளர் மறைந்தார். அவருடைய ஒன்பது வயது மகன் குடும்பப் பாரத்தைச் சுமக்கத் தொடங்கினான். அந்தப் பையன்தான் ரஹ்மான்.

அந்த 1976-ல்தான் கல்வராயன் மலையிலும் ஒரு சரித்திரம் திரும்பியது. அதுவரை மலை, சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய 29 வருடம் கழித்து, 1976-ல்தான் அரசு ஜாகிரை எடுத்துக்கொண்டது. அடிவாரத்து டீக்கடையில் 'அன்னக்கிளி' பாட்டு ஒலித்த காலத்தில், மேலே வெள்ளிமலையில் ஜாகிர் ஆட்சி முடிகிற நேரம்!

2026-ல் அன்னக்கிளிக்கும் 50, ஜாகிர் ஒழிப்புக்கும் 50. முதலாவதை ஊரே அறியும். இரண்டாவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எழுதப்படாத பக்கம்

தேதிகளால் ஆனதுதான் நம் அடையாளமும். மூத்தவர்களின் சான்றிதழில் தென் ஆற்காடு மாவட்டம். 1993-க்குப் பிறகு வந்தவர்களுக்கு விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆனால் வெளியூரில் "நான் கள்ளக்குறிச்சி" என்று சொன்னால், 2024 ஜூனைத்தான் பலரும் நினைக்கிறார்கள். விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன அந்த நாட்களை மறக்கச் சொல்லவில்லை, மறக்கவும் கூடாது. நம் ஊருக்கும் மலைக்கும் அது ஒன்றே அடையாளமாகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நம்மிடம் பாட்டு இல்லையா? ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் வைத்து விடிய விடிய ஆடுகிற தெருக்கூத்து இந்த வட்டாரத்தின் சொத்து. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கு ஊரே திரளுகிறது. மலையில் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் என்று வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைப்பார்கள். மலையை ஆளுகிறவர் என்பதுதான் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பாட்டு, திருவிழாவுக்கு ஆட்டம், சாவுக்கு ஒப்பாரி, எல்லாம் அவர்களிடம் உண்டு. எதற்கும் தேதி இல்லை, பாடியவர் பெயர் இல்லை. ராபர்ட் ஜான்சனுக்காவது 29 பாட்டு பதிவாகி இருக்கிறது!

சினிமாவிலேயே பாருங்கள். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரில் மயங்காதவர் இல்லை. அதை வாசித்த சந்திரசேகரின் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இளையராஜா பாட்டுகளுக்கு வருடக்கணக்கில் ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் பெயரும் அப்படித்தான். பாட்டு நமக்கு, பேர் யாருக்கோ.

இது மாறும் என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. ஜனவரி 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1847-ல் தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்த நாள்; திருவையாற்று ஆராதனையைத் திதி பார்த்துக் கொண்டாடுவதால் ஆங்கிலத் தேதி பலருக்கும் தெரிவதில்லை. 1967-ல் ரஹ்மான் பிறந்த நாள். 2018-ல் அதே ஜனவரி 6 அன்று சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் கச்சேரி செய்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், ராக் கிட்டாரோடு ஒரே மேடையில் நின்றன. குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்தது. ஒதுக்கப்பட்ட பாட்டும் காலண்டரில் இடம்பிடிக்க முடியும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1957 ஜூலை 6 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு மாதா கோயில் திருவிழா. பள்ளிப் பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு குழு அங்கே பாடியது. குழுவின் பெயரே அவர்கள் படித்த பள்ளியின் பெயரிலிருந்து வந்ததுதான். அன்றுதான் 16 வயது ஜான் லெனனும் 15 வயது பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். பின்னால் உலகமே அறிந்த பீட்டில்ஸ் குழுவுக்கு அதுதான் விதை. அன்று மாலை லெனன் பாடியதை இன்றும் கேட்க முடிகிறது. எப்படி? கூட்டத்தில் ஒருவர் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். அவ்வளவுதான்! பாடுகிறவன் பெரிய ஆளாவான் என்று தெரிந்தா பதிந்தார்? இல்லை. பதிந்து வைத்தார், பாட்டு பிழைத்தது.

இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிடச் சிறந்த ரிக்கார்டர் இருக்கிறது. கரியாலூர், வெள்ளிமலை, சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கமிருந்து வருகிற மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் உட்காருங்கள். ஊர்க் கூத்து வாத்தியாரிடம் போங்கள். பழைய மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர் எங்கேயாவது மளிகைக் கடை வைத்திருப்பார், அவரையும் பாருங்கள். "பாட்டி, இந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தாங்க? எந்த வயசுல கத்துக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், பாடிய தேதி, எந்தச் சடங்குக்கான பாட்டு என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். "தேதி தெரியலப்பா, ஜாகிர் போன வருசம்" என்று அவர்கள் சொன்னால், அது 1976 என்று உங்களுக்குத் தெரியும். "பெரிய மழை வந்த வருசம்" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். விசாரித்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

முன்னாள் மாணவர்களும் சும்மா இருக்க வேண்டாம். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் லீவில் வரும்போது ஒரு நாள் ஒதுக்கலாம். அந்த நோட்டுகளையும் பதிவுகளையும் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரியில் சேர்த்து வைக்கும் பொறுப்பை நம் சங்கம் ஏற்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. அதில் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும், பாட்டு அவர்களுடையது.

அடுத்த சந்திப்பு மலரில் யாராவது ஒரு மாணவர், "இந்தத் தேதியில், இந்த ஊரில், இந்த அம்மா இந்தப் பாட்டைப் பாடினார்" என்று ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும். ராக் இசைக்காரர்களின் 365 நாள் காலண்டருக்குப் பக்கத்தில் நம் மலையின் காலண்டரும் தொடங்கிவிடும்.